பூனை லிட்டர் பாக்ஸுக்கு வெளியே சிறுநீர் கழிக்கிறதா? இந்த வரிசையில் பாருங்கள்

வீட்டில் எங்கிருந்தோ மூத்திர நெடி அடிக்கிறது. தேடிப் பார்த்தால் மெத்தையிலோ கால்மிதியிலோ அழுக்குத் துணிக் கூடையிலோ ஈரம். லிட்டர் பாக்ஸ், அதாவது பூனை கழிப்பதற்கு மணல் போட்டு வைத்த பெட்டி, ஒரு மூலையில் சும்மா கிடக்கிறது. பூனை வளர்க்கத் தொடங்கிய புதிதில் இப்படி நடந்தால், பலரும் முதலில் பூனையை அதட்டுவார்கள், அப்புறம் நாற்றம் போக எதையாவது ஊற்றித் துடைப்பார்கள். மறுநாள் அதே இடத்தில் மறுபடியும் ஈரம் இருக்கும்.

பூனை பெட்டியைத் தவிர்க்கிறது என்றால் அதற்கு உடம்பிலோ, பெட்டியிலோ, வீட்டுச் சூழலிலோ ஒரு காரணம் இருக்கிறது. தேடுவதையும் இதே வரிசையில் தேடுங்கள். உடம்பைப் பார்க்காமல் பெட்டியை மாற்றிக்கொண்டிருந்தால் நாட்கள் வீணாகும். அதற்குள் பூனைக்கு அந்த மெத்தை பழக்கப்பட்ட இடமாகவே ஆகிவிடும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பூனை பழிவாங்குவதற்காக இதைச் செய்வதில்லை. நீங்கள் சில நாள் வெளியூர் போய்த் திரும்பியதும் உங்கள் படுக்கையில் சிறுநீர் கழித்திருந்தால், அது கோபம் என்று தோன்றும். தனியாக இருந்த பதற்றம் என்று எடுத்துக்கொள்வதுதான் சரி. அடிப்பதும், ஈரத்தில் மூக்கை வைத்துத் தேய்ப்பதும் கொடுமை மட்டுமல்ல, பயனும் இல்லாத வேலை. எதற்காக அடி விழுந்தது என்று பூனைக்குப் புரியாது. உங்களைப் பார்த்தால் பயம் வரும், அவ்வளவுதான். அந்தப் பயமே பிரச்சினையைப் பெரிதாக்கும்.

தாமதிக்கவே கூடாத நிலை

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே ஒரு கேள்வி: பூனைக்குச் சிறுநீர் வருகிறதா?

பெட்டிக்கு அடிக்கடி போகிறது, குந்துகிறது, முக்குகிறது, ஒரு சொட்டு இரண்டு சொட்டு வருகிறது அல்லது எதுவுமே வரவில்லை. அப்போது கத்துகிறது, பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது. இது கடுவன் பூனையாக இருந்தால் மேலே படிப்பதை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நடு இரவு என்றாலும் காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். கடுவனுக்குச் சிறுநீர்க் குழாய் மிகவும் ஒடுக்கமானது. நுண்ணிய படிகங்களும் சளி போன்ற பொருளும் சேர்ந்து அதை அடைத்துக்கொள்ளும். சிறுநீர் வெளியேற வழியில்லாமல் போனால் கழிவுகளும் பொட்டாசியமும் இரத்தத்தில் ஏறி இதயத்தைப் பாதிக்கும். ஓரிரு நாளில் உயிரே போய்விடும். வாந்தி, சாப்பிடாமல் இருப்பது, ஒளிந்து படுத்துக்கொள்வது, துவண்டு போவது எல்லாம் நிலைமை முற்றியதன் அடையாளங்கள்.

முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று நினைத்து வீட்டிலேயே வைத்தியம் பார்ப்பவர்கள் நிறையப் பேர். இந்தக் குழப்பத்தால் எத்தனையோ பூனைகள் போயிருக்கின்றன. சந்தேகம் இருந்தால் மருத்துவரே வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும். பெட்டைப் பூனைக்கு முழு அடைப்பு வருவது அரிது. ஆனாலும் முக்கினாலோ சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலோ அன்றே காட்டிவிடுங்கள்.

வலிக்கிறதே என்று மனிதர்களுக்கான மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால் பூனைக்கு விஷம். ஒரே ஒரு மாத்திரைகூட உயிரைப் பறிக்கும்.

அவசரம் இல்லையென்றாலும் மருத்துவர்தான் முதலில்

சிறுநீர் தாராளமாக வருகிறது, பூனையும் விளையாடிக்கொண்டிருக்கிறது. சரி, அவசரம் இல்லை. ஆனாலும் பரிசோதனை தேவை. பூனை வலியை மறைத்து வாழப் பழகிய பிராணி. வெளியில் தெரியும் முதல் அறிகுறியே பெட்டிக்கு வெளியே போவதாக இருக்கலாம்.

இளம் பூனைகளிலும் நடுவயதுப் பூனைகளிலும் அதிகம் காணப்படுவது, கிருமித் தொற்று ஏதும் இல்லாமலே சிறுநீர்ப்பை வீங்கிப் புண்ணாகும் கோளாறு. மன அழுத்தத்துக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். 'சரியாகிவிட்டது' என்று நாம் விட்டுவிடுவோம். சில வாரமோ சில மாதமோ கழித்துத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் பெட்டிக்குப் போனால் வலிக்கிறது என்பது பூனையின் மனதில் பதியும். பெட்டிதான் வலிக்குக் காரணம் என்று அது முடிவுகட்டிவிட்டால், நோய் போன பிறகும் பெட்டியை அண்டாது.

சிறுநீர்ப்பைக் கல் இன்னொரு காரணம். ஸ்ட்ரூவைட் வகைக் கல்லைச் சிறப்பு உணவாலேயே கரைக்க முடியும். கால்சியம் ஆக்ஸலேட் வகை கரையாது, எடுக்கத்தான் வேண்டும். வயதான பூனை என்றால் பட்டியல் மாறும்: சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரப்பது. மூன்றிலும் பூனை நிறையத் தண்ணீர் குடிக்கும், நிறையச் சிறுநீர் கழிக்கும். பெட்டி சீக்கிரம் நனைந்துவிடுவதால் வேறு இடம் தேடும். கிருமித் தொற்றும் இளம் பூனைகளைவிட வயதானவற்றுக்குத்தான் அதிகம். மூட்டு வலி வந்த கிழப்பூனைக்கு உயரமான விளிம்பைத் தாண்டுவதே தண்டனை. அது பெட்டி வாசல் வரை வந்து, அங்கேயே போய்விடும்.

மருத்துவரிடம் போகுமுன் இரண்டு மூன்று நாள் குறிப்பு எழுதி எடுத்துப் போனால் அவருக்குப் பெரிய உதவி. எங்கே போனது, எவ்வளவு, நின்றா குந்தியா, எந்தப் பரப்பில், எந்த நேரத்தில், சமீபத்தில் வீட்டில் என்ன மாறியது. போனில் ஒரு வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. சிறுநீர் மாதிரி கேட்டால், பெட்டியைக் கழுவிக் காயவைத்து, உறிஞ்சாத பிளாஸ்டிக் மணிகளை மட்டும் போட்டு வைத்துப் பிடிக்கலாம். பிடித்ததைச் சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். அதுவரை ஃபிரிட்ஜில் மூடி வைக்கலாம். பிடிக்கவே முடியவில்லை என்றால் கவலை வேண்டாம், மருத்துவரே மெல்லிய ஊசியால் சிறுநீர்ப்பையிலிருந்து எடுத்துக்கொள்வார்.

கழிக்கிறதா, பீய்ச்சுகிறதா?

இரண்டும் வேறு வேறு. குந்தி உட்கார்ந்து, தரையிலோ துணியிலோ ஒரு பெரிய ஈரத் திட்டு விட்டால் அது சிறுநீர் கழித்தது. நின்றபடி, வாலை நட்டு அதன் நுனியை நடுங்கவிட்டு, சுவரிலோ கதவிலோ திரைச்சீலையிலோ கொஞ்சமாக அடித்தால் அது பீய்ச்சியது, அதாவது எல்லை குறித்தது. பீய்ச்சும் பூனை வழக்கமான சிறுநீருக்குப் பெட்டியையே பயன்படுத்தும். ஆகவே பெட்டியை எத்தனை முறை மாற்றினாலும் பீய்ச்சுவது நிற்காது.

கருத்தடை செய்யாத பூனை பீய்ச்சினால் முதல் வேலை கருத்தடை. கடுவன்களில் ஏறக்குறைய 10-இல் 9-க்கு அதோடு தீர்ந்துவிடும் அல்லது வெகுவாகக் குறையும். பழக்கம் ஊறிப்போகுமுன் செய்வது நல்லது. 5, 6 மாத வயதிலேயே பல பூனைகள் பருவத்துக்கு வந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். பெட்டைகளும் பீய்ச்சும், குறிப்பாக இணைசேரும் பருவத்தில் இருக்கும்போது.

கருத்தடை ஆன பிறகும் பீய்ச்சினால் எங்கே என்று பாருங்கள். சன்னல் அடியிலும் வாசல் பக்கமும் என்றால் வெளியே ஏதோ பூனை வந்து போகிறது என்று அர்த்தம். கண்ணாடியின் கீழ்ப்பாதியை ஒளி மட்டும் ஊடுருவும் தாள் ஒட்டி மறைத்துவிடுங்கள், அந்தத் தெருப்பூனை சன்னலோரம் வராமலும் பாருங்கள். வீட்டின் நடுப்பகுதியிலும் நடைவழியிலும் என்றால் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைகளுக்குள் தகராறு.

பெட்டியைப் பூனையின் கண்ணால் பார்ப்பது

உடம்பில் குறை இல்லை, பீய்ச்சலும் இல்லை. இப்போது பெட்டிக்கு வருவோம். கடையில் விற்கும் பெட்டிகள் பெரும்பாலும் நம் வசதிக்கு ஏற்றவை. மூலையில் அடங்கும், மூடி இருக்கும், கண்ணில் படாது. பூனைக்கு வேண்டியது நேர் எதிர்.

அளவு: மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளம் இருக்க வேண்டும். வளர்ந்த பூனைக்கு இந்த அளவில் கடையில் கிடைப்பது அரிது. என் சிபாரிசு, துணிமணி போட்டு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி. ஒரு பக்கம் தாழ்வாக வெட்டி வாசல் விட்டு, வெட்டிய விளிம்பை உரசித் தேய்த்து மழுக்கிவிடுங்கள். மூன்று பக்கம் உயரமாக இருப்பதால் மணல் சிதறாது, பின்பக்கத்தைத் தூக்கிப் போகும் பூனையும் வெளியே அடிக்காது. பூனை பெட்டிக்குள்தான் நிற்கிறது, ஆனால் ஈரம் வெளியே விழுகிறது என்றால் இந்த ஒரு மாற்றமே போதும். கிழப்பூனைக்கு வாசலை இன்னும் தாழ்த்துங்கள்.

மூடி போட்ட பெட்டி சில பூனைகளுக்குப் பிடிக்கும். ஆனால் உள்ளே நெடி தேங்கும், வழியும் ஒன்றுதான். பிரச்சினை இருக்கும் வீட்டில் முதலில் மூடியைக் கழற்றிப் பாருங்கள்.

எண்ணிக்கை: பூனைகள் எத்தனையோ அதைவிட ஒன்று கூடுதல். ஒரு பூனைக்கு இரண்டு, இரண்டுக்கு மூன்று. ஒரு பூனைக்கு எதற்கு இரண்டு என்று தோன்றும். பல பூனைகள் சிறுநீருக்கு ஒன்றும் மலத்துக்கு ஒன்றுமாகத் தனித்தனியே வைத்துக்கொள்ளும். பெட்டிகளை ஒரே இடத்தில் வரிசையாக அடுக்கினால் பூனையின் கணக்கில் அது ஒரே பெட்டிதான். வெவ்வேறு அறைகளில் வையுங்கள், மாடி வீடு என்றால் தளத்துக்கு ஒன்றாவது.

இடம்: சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் தள்ளி, ஆள் நடமாட்டம் குறைவாக, ஆனால் பூனை வழக்கமாக இருக்கும் பகுதியிலேயே. வாஷிங் மெஷின் பக்கத்தில் வைக்காதீர்கள். பூனை உள்ளே இருக்கும்போது மெஷின் ஒரே ஒரு முறை கடகடவென்று உதறினாலும் அந்தப் பெட்டியை அது மறந்துவிடும். காற்றில் மூடிக்கொள்ளும் கதவுள்ள அறையும் வேண்டாம்.

மணல்: பெரும்பாலான பூனைகளுக்குப் பிடித்தது வாசனை சேர்க்காத, நைசான, ஈரம் பட்டால் கட்டியாகும் வகை. பூவாசனை போட்ட மணல் நம் மூக்குக்காகச் செய்தது. சுமார் 5 செ.மீ. ஆழம் இருந்தால் தோண்டவும் மூடவும் தோதாக இருக்கும். கண் திறந்து நடை பழகும் குட்டிகள் எதையும் வாயில் போடும் என்பதால் அவற்றுக்கு மட்டும் கட்டியாகாத வகையைப் போடுங்கள். மணலின் பிராண்டைத் திடீரென்று மாற்றிய வாரத்தில்தான் பிரச்சினை தொடங்கியது என்றால் விடை கையிலேயே இருக்கிறது, பழையதற்குத் திரும்புங்கள்.

பூனைக்கு எந்தப் பரப்பு பிடிக்கிறது என்பதை அது வெளியே தேர்ந்தெடுத்த இடமே சொல்லும். மெத்தை, துண்டு, கால்மிதி என்று மெத்தென்ற இடங்களாகவே தேடினால் இன்னும் நைசான மணல் போடுங்கள், அல்லது ஒரு பெட்டியில் பழைய துண்டை விரித்துத் தொடங்கி, அதன்மேல் தினம் கொஞ்சம் கொஞ்சமாக மணலைக் கூட்டுங்கள். குளியலறைத் தரை, தொட்டி என்று வழவழப்பான இடங்களைத் தேடினால் ஒரு பெட்டியில் மணலே இல்லாமல், அல்லது ஓர் ஓரத்தில் மட்டும் போட்டு வையுங்கள். இரண்டு வகை மணலை இரண்டு பெட்டிகளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது அதிகம் நனைகிறது என்று ஒரு வாரம் பார்ப்பதும் நல்ல சோதனை.

சுத்தம்: ஒரு நாளைக்கு ஒருமுறையாவது அள்ள வேண்டும், இரண்டு முறை என்றால் நல்லது. பெட்டிப் பிரச்சினை என்று வருபவர்களில் பலருக்கு, வேறெதையும் மாற்றாமல் இதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதி குறையும் என்பது என் உறுதியான கருத்து. கட்டியாகும் மணலை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை முழுதாகக் கொட்டிவிட்டு, பெட்டியை வெந்நீரும் வாசனை குறைந்த சோப்பும் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். கட்டியாகாத வகையை வாரத்துக்கு இரண்டு முறையாவது மாற்ற வேண்டியிருக்கும். பழைய பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்து நெடி ஊறிவிடும், அப்போது புதிது வாங்கிவிடுங்கள். தினமும் அள்ளுவதில் இன்னொரு லாபம் உண்டு. கட்டிகள் எத்தனை, எவ்வளவு பெரியவை என்பது கையோடு தெரிந்துவிடும். வழக்கமாக ஒரு பூனை நாளைக்கு 2 முதல் 4 முறை சிறுநீர் கழிக்கும். கட்டிகள் திடீரென்று பெரிதானாலோ, சின்னச் சின்னதாக நிறைய விழுந்தாலோ, ஒன்றுமே இல்லாமல் போனாலோ மருத்துவரைக் கூப்பிடும் நேரம்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வேலையை வேறு யாராவது செய்யட்டும். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வரலாம். அது தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் ஆகும் என்பதால் தினமும் அள்ளிவிடுவதே ஒரு பாதுகாப்புத்தான்.

நனைந்த இடத்தைச் சுத்தம் செய்வது

பூனைச் சிறுநீரின் தனி நெடிக்கு ஃபெலினைன் என்ற பொருள் ஒரு முக்கியக் காரணம். கருத்தடை செய்யாத கடுவனிடம் அது அதிகம். அது மெல்ல மெல்லச் சிதைந்து கந்தக நெடியுள்ள பொருளாக மாறுவதால், நேற்று துடைத்த இடம் இன்று கூடுதலாக நாறும். நமக்குப் போய்விட்டதாகத் தோன்றும் நெடி பூனைக்கு இன்னும் அப்படியே இருக்கும். நெடி உள்ள இடம் அதற்குக் கழிப்பிடம்தான்.

ஈரம் புதிது என்றால் தேய்க்காமல் உறிஞ்சும் துணியை வைத்து அழுத்தி எடுங்கள். அப்புறம் செல்லப்பிராணிகளுக்கென்று விற்கும் என்சைம் கிளீனரை (கறையையும் நெடியையும் சிதைக்கும் நொதி கலந்த திரவம்) தாராளமாக ஊற்றுங்கள். ஈரம் இறங்கிய ஆழம் வரை அதுவும் இறங்க வேண்டும். மேலோட்டமாகத் தெளித்துத் துடைப்பது வீண். பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் வரை ஊறவிட்டுத் தானாகக் காயவிடுங்கள். பழைய கறை எங்கே என்று தெரியவில்லை என்றால், இருட்டில் புறஊதா டார்ச் அடித்துப் பாருங்கள், ஒளிரும்.

மூன்றை மட்டும் பயன்படுத்தாதீர்கள். அமோனியா கலந்த கிளீனர்: அந்த நெடி பூனைக்குச் சிறுநீரை நினைவூட்டும். பிளீச்: சிறுநீரில் உள்ள அமோனியாவோடு சேர்ந்து நச்சு வாயு கிளம்பும். ஃபினாயில்: பூனையின் ஈரலால் அதிலுள்ள ஃபீனால் வகைப் பொருள்களைச் சரிவரச் சிதைத்து வெளியேற்ற முடியாது. துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே அது உள்ளே போய்விடும். வாசனை எண்ணெய்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

காய்ந்த பிறகு பூனைக்கு அந்த இடத்தின் அர்த்தத்தையே மாற்றிவிடுங்கள். சாப்பாட்டுத் தட்டையோ படுக்கையையோ அங்கே வைக்கலாம், அங்கேயே விளையாட்டுக் காட்டலாம். சாப்பிடும் இடத்தில் பூனை அசுத்தம் செய்ய விரும்பாது. விடாமல் ஒரே மூலைக்குத்தான் போகிறது என்றால் நீங்கள் இறங்கி வாருங்கள், அந்த மூலையிலேயே ஒரு பெட்டியை வையுங்கள். சில வாரம் அதைப் பழகிய பிறகு, தினம் சில செ.மீ. மட்டும் நகர்த்தி உங்களுக்கு வசதியான இடத்துக்குக் கொண்டுபோகலாம்.

வீட்டில் என்ன மாறியது?

புதிய பூனை, கைக்குழந்தை, வீடு மாற்றம், இடம் மாறிய மேசை நாற்காலி, வேலை நேரம் மாறிய மனிதர். நமக்கு அற்பமாகத் தெரிவது பூனைக்குப் பெரிய அதிர்ச்சி. சாப்பாட்டு நேரத்தையும் விளையாட்டு நேரத்தையும் மாற்றாமல் வைத்திருங்கள். உயரத்தில் ஏறி உட்கார ஓர் இடமும், யாரும் தொந்தரவு செய்யாத ஒரு ஒளிவிடமும் கட்டாயம் வேண்டும். ஈர உணவு கொடுக்க முடிந்தால் கொடுங்கள். அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான், உலர் உணவில் ஏறக்குறைய 10 சதவீதம். நீர்த்த சிறுநீர் சிறுநீர்ப்பையை உறுத்தாது.

ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகள் இருந்தால் சண்டை சத்தம் கேட்க வேண்டும் என்பதில்லை. ஒரு பூனை நடைவழியின் குறுக்கே சும்மா படுத்துக்கொண்டு முறைத்தாலே மற்றது பெட்டிக்குப் போகாது. பாதுகாப்பான இடம் எதுவோ அங்கே போய்விடும், பெரும்பாலும் அது உங்கள் கட்டில். பெட்டி, தட்டு, தண்ணீர், படுக்கை எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று கண்ணில் படாத இடங்களில் பிரித்து வையுங்கள். பெட்டிக்கு இரண்டு பக்கமிருந்தும் வந்து போக வழி இருக்கட்டும். எந்தப் பூனை செய்கிறது என்றே தெரியவில்லை என்றால், ஒவ்வொன்றாகத் தனி அறையில் வைத்துப் பார்க்கலாம். சிறுநீரை ஒளிரவைக்கும் சாயத்தைக் கொடுத்துக் கண்டுபிடிக்க மருத்துவர் உதவ முடியும்.

மறுபடி பழக்குவது

எல்லாம் செய்தும் பழக்கம் விடவில்லை என்றால் ஒரு சின்ன அறையில் தொடங்குங்கள். ஒரு மூலையில் பெட்டி, எதிர் மூலையில் சாப்பாடும் தண்ணீரும், படுக்கை, பொம்மைகள். மெத்தென்ற விரிப்புகளை எடுத்துவிடுங்கள். இது சிறை இல்லை என்பது பூனைக்குத் தெரிய வேண்டும், ஆகவே நாளுக்குப் பல முறை போய் உட்கார்ந்து கொஞ்சுங்கள், விளையாடுங்கள். பெட்டியை ஒழுங்காகப் பயன்படுத்திச் சில நாள் ஆனதும் நீங்கள் கூடவே இருக்கும் நேரத்தில் அடுத்த அறையைத் திறந்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு அறையாக. தவறிப்போனால் ஒரு படி பின்வாங்குங்கள், அதட்ட வேண்டாம். சில பூனைகளுக்கு ஒரு வாரம் போதும், சிலவற்றுக்கு ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும்.

இவ்வளவுக்கும் மசியாத பூனைகளும் இருக்கின்றன, முக்கியமாகப் பதற்றத்தில் பீய்ச்சுபவை. அவற்றுக்கு மருந்து உண்டு. பூனையை அமைதிப்படுத்தும் மணப்பொருளைச் செயற்கையாகச் செய்து காற்றில் விடும் ஃபெரோமோன் பரப்பியைப் பிளக்கில் மாட்டிப் பார்க்கலாம். சில வீடுகளில் பலன் தெரிகிறது, சிலவற்றில் தெரிவதில்லை. அதைவிட உறுதியானவை பதற்றத்தைக் குறைக்கும் ஃபுளூவாக்ஸெடின், குளோமிப்ரமின் போன்ற மருந்துகள். கால்நடை மருத்துவர் பூனையின் எடைக்கும் உடல்நிலைக்கும் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டியவை இவை. முழுப் பலன் தெரியச் சில வாரம் ஆகும். அந்த நாட்களிலும் பெட்டி, சுத்தம், வீட்டு ஏற்பாடு எல்லாம் தொடர வேண்டும். நன்றாகிவிட்டது என்று மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, மருத்துவர் சொல்கிறபடி அளவைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்த வேண்டும்.